மிதித்து, அருந்ததி பார்த்து

ஏணி ஒரு விஷயமே இல்லை. கீழே நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் பெண்டாட்டியை மட்டும் ஏறச் சொல்லிவிட்டு நைசாக நிழலுக்கு ஒதுங்கினார், சென்னியப்பனுக்கோ உள்ளங்கை அரித்தது. ஈரோடு மாவட்டத்தில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்ற மனுஷனைப் பார்த்து, அரிசோனாப் பாலைவனத்தில், பழங்காலப் பாறை வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற, அகலத் தொப்பி வைத்த ஒரு கைடு பெண், இதயக் கோளாறு உண்டா, தலைசுற்றல் உண்டா, உயரம் என்றால் பயமா என்று கேட்கிறாள். மகள் யமுனா வேறு அதை மெனக்கெட்டுத் தமிழில் திருப்பிக் கேட்டாள். "உங்கொப்பனப் பாத்தா அம்மிணி இதக் கேக்கறா?" என்றார் சென்னியப்பன். "பாத்து ஏறுங்கப்பா." "நீ பாத்து வா அம்மிணி. நான் ஏறாத ஏணியா?" என்று சொல்லிக்கொண்டே முதல் படியில் காலை வைத்துவிட்டார். படி என்றால் உருட்டு மரம், கணக்கில்லாத பேர் மிதித்து வழவழப்பாகியிருந்தது. கை தானாகப் போய்ப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தது, கால் தானாகத் துழாவி அடுத்த படியைக் கண்டுபிடித்தது, மூச்சுகூட மாறவில்லை. அறுபத்தெட்டு வயது. கண்ணாடியைத் தவிர உடம்பில் வேறு ஒட்டுச்சாமான் கிடையாது. காலையில் காரில் வரும்போது யமுனா கேட்டதற்கு இதுதான் பதில், வாயால் சொல்வானேன், ஏறியே காட்டிவிடலாம் என்று நினைத்தபடி அவர் மேலே போனார்.

யமுனா கேட்டது இதுதான். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்ப டிக்கெட். "போறீங்களா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கறீங்களா? மாத்தறதுன்னா இன்னைக்கே மாத்தோணும்ப்பா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிப்போடுங்க." ஒரே பிள்ளை, கேட்கிற உரிமை உண்டு. சென்னிமலையில் அப்பாவும் அம்மாவும் மட்டும், அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, பெரியப்பாவுக்கு வேறு அப்படி ஆகிப்போயிற்று. பெரியப்பா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து வெளியே விடவில்லை, "பெரி" என்று ஆரம்பித்து "வயசாகுதுல்ல" என்று மாற்றிக்கொண்டாள். அது சென்னியப்பன் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. அவர் உடனே விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கு அங்க என்ன கொறச்சல் அம்மிணி? வீடு இருக்குது, தண்ணி வருது, கூப்பிட்டா வர்ற தூரத்துல…" என்றார். "ஆஸ்பத்திரி" என்று பின் சீட்டிலிருந்து பெண்டாட்டி மரகதம் முடித்துவைத்தாள். அவருக்குச் சுள்ளென்று வந்தது. தான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரி அல்ல, வேறொன்று என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. என்ன வேறொன்று என்று மட்டும் சொல்லவில்லை. இவள் குறுக்கே விழுந்து கெடுத்துவிட்டாள், அதனால்தான் மறந்துபோயிற்று.

மரகதத்தின் வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி ஏணியில் தொங்கிக்கொண்டு சென்னியப்பன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் வாயைத் திறக்கக் கூலி கேட்பாள் போலிருக்கிறது என்று அவர் அம்மாவே கேலி பண்ணுமளவுக்கு ஊமைக்கொட்டானாக இருந்தவள். வீட்டில் பேச்சு என்றால் அது சென்னியப்பன் பேச்சு. இப்போது தலைகீழ். ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கத்தான் முடியும், முடிக்க முடியாது. "ஏனுங்க, கொத்தமல்லியா?" "பழனிச்சாமி மவனையா சொல்றீங்க?" "மூக்குக் கண்ணாடி அலமாரி மேல இருக்குதுங்க." போன ஞாயிற்றுக்கிழமை யமுனா வீட்டுக்கு நாலு தமிழ்க் குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது, கேரளா பார்டரில் மழையோடு மழையாக லைன் இழுத்த கதையை அவர் ரசித்துச் சொல்லிக்கொண்டிருக்க, நல்ல இடமாகப் பார்த்து "டிரான்ஸ்பார்மர்" என்று இவள் எடுத்துக்கொடுத்தாள். டிரான்ஸ்பார்மர் என்ற சொல்லை யாருக்கு யார் எடுத்துக்கொடுப்பது? "என்னப் பேச விடு புள்ள!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவள் "செரிங்க, பேசுங்க" என்று ரசம் எடுத்துவர உள்ளே போனாள், திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை, இவருக்குத்தான் கதை விட்ட இடம் தெரியவில்லை. வயதாகிவிட்டால் பெண்களுக்கு வாய் நீளும், சீரியல் வேறு பார்க்கிறாள், இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் என்பது அவர் முடிவு. இன்றைக்கு முழங்காலைக் காட்டி, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறேன்" என்று அவள் கீழேயே பெஞ்சில் இருந்துவிட்டதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. கொஞ்ச நேரமாவது தன் பேச்சைத் தானே பேசி முடிக்கலாம்.

மேலே வந்து நின்றதும் கால் தரையில் பாவியது, பாறைக் குடைவு ஒரு பெரிய மண்டபம் மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது. மேலே கூரையாகப் பாறை, உள்ளே வரிசையாகக் கல் வீடுகள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள், சில இடுப்பளவு, சில முழு உயரம், பழைய அடுப்புப் புகை பாறைக் கூரையில் இன்னும் கரியாக ஒட்டிக்கிடந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள் என்று கைடு பெண் சொல்ல யமுனா சொன்னாள். சுவரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள். சென்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது, எதிர்ப் பள்ளத்தாக்கு முழுக்கக் கள்ளி. கட்டினவன் காற்று வரும் திசை பார்த்துத்தான் கட்டியிருக்கிறான், கெட்டிக்காரன். மழை பொய்த்து, விளைச்சல் பொய்த்து, ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள், அவர்கள் வம்சம் இன்றைக்கும் தெற்கேயும் கிழக்கேயும் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்றாள் யமுனா. போனவர்கள் எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு வீட்டின் குட்டை வாசலில் குனிந்து நுழைந்தார். நுழைவதற்கு முன் ஒரு காலால் மறு காலை மிதித்துக் கான்வாஸ் ஷூவைக் கழற்றி வாசலோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நுழைந்தார். ஆள் இல்லாவிட்டால் என்ன, வீடு வீடுதானே. இதை அவர் யோசித்துச் செய்யவில்லை, கால் செய்தது. உள்ளே போய் நிமிர்ந்தார், இருட்டு கண்ணுக்குப் பழகியது, மூலையில் அது இருந்தது.

நீளவாட்டுக் கல். நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்து, மேலே கைக்கு அடக்கமான உருளைக்கல் ஒன்று அப்போதுதான் வைத்துவிட்டு எழுந்து போன மாதிரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம வீட்டில் இருக்கிறதே! வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், முருங்கை மரத்தடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒன்று கிடக்கிறதே, மிக்ஸி வந்த பிறகு அதன்மேல் மரகதம் சோப்புப் பெட்டி வைக்கிறாளே, இது நம்ம… என்று மனசுக்குள் உற்சாகமாக ஓடிவந்தவர் அந்த இடத்தில் நின்றார். சொல் இல்லை. எட்டிப் பார்த்தார், இல்லை. மேலே இருப்பது குழவி. குழவி வந்துவிட்டது, அது பாட்டுக்குக் கூப்பிடாமலே வந்தது. குழவி எதன் மேல் ஓடும்? மிளகாய் வைத்து, தேங்காய் வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து எதில் அரைப்பார்கள்? ஆட்டுக்கல். சீ, அது மாவுக்கு, அது உருண்டை. உரல், அது இடிக்க. உலக்கை, திருகை, முறம், சல்லடை என்று கூப்பிடாத ஒறம்பரை, விருந்தாளி எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது, வர வேண்டிய ஆள் வரவில்லை. படிக்கிற உங்களுக்கு இந்நேரம் அந்தச் சொல் நாக்கு நுனியில் நிற்கும். சொல்லிவிட எனக்கும் எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவருக்கு வராத சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக்கொடுப்பது மரகதத்தின் வேலை, அவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நாம் செய்ய வேண்டாம். அவரே தேடட்டும். அவர் அந்தக் கல்லுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று தேடினார், கொஞ்சம் கொஞ்சமாக முதுகு வேர்த்தது, அந்தக் குளிர்ச்சியில்.

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வேலுச்சாமி அண்ணன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், யமுனா சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாளே, அந்தப் பெரியப்பா. ஒரு நோம்பி நாளில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அத எடு, தலை வார்ற அது" என்றார். சீப்பு என்று வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், சென்னியப்பன்தான் பெரிதாகச் சிரித்தார், வழுக்கைத் தலையனுக்குச் சீப்பு எதுக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எந்த பஸ் என்று தெரியாமல் போனது, அப்புறம் அண்ணியைப் பார்த்து மரியாதையாக, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டது. அண்ணி ஒவ்வொரு தடவையும், "பெருந்துறைங்க" என்று பதில் சொல்லும். "அப்படிங்களா, நமக்கும் அங்க சொந்தம் இருக்குதுங்க" என்பார் அண்ணன். நாற்பது வருஷம் வாடி போடி என்று கூப்பிட்ட மனுஷன். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு சென்னியப்பன் மொட்டை மாடியில் போய் நின்று அழுதார். ஆனால் அது அண்ணனுக்கு வந்தது, அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, இவருக்கு இல்லை, அண்ணன் நடக்க மாட்டார், இவர் நடப்பார், அண்ணனால் ஏணி ஏற முடியுமா? ஒரு கல்லின் பெயர் வரவில்லை என்றால் உடனே அதுவா? பதினைந்து வருஷமாக மிக்ஸியில் அரைக்கிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை, துருப்பிடித்துப் போயிருக்கும், கொஞ்சம் ஆட்டினால் கழன்று வரும். யாரையாவது கேட்டால் முடிந்தது. யாரை? யமுனாவைக் கேட்கலாம், கேட்டால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வையை அவர் அண்ணன் வீட்டில் பார்த்திருக்கிறார். ஒரு தந்திரம் தோன்றியது. வாசல் பக்கம் திரும்பி, பரீட்சை வைக்கிற வாத்தியார் குரலில், "அம்மிணி, இதென்ன சொல்லு பாக்கலாம்?" என்றார். யமுனா குனிந்து எட்டிப் பார்த்தாள். "கிரைண்டிங் ஸ்டோன்ப்பா." "அது எனக்குத் தெரியாதா? தமிழ்ல என்ன?" "எனக்குத் தமிழ் மறந்துபோச்சான்னு டெஸ்ட் பண்றீங்களாக்கு? நம்ம பொடக்காலில கெடக்குதே, அதுதானே!" என்று சிரித்துவிட்டு, கைடு கூப்பிட அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கைடு பெண் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் வழங்குகிற பெயரைச் சொன்னாள், மெட்டாட்டே. உடனே மனசில் பதிந்துவிட்டது, பாருங்கள், எங்கிருந்தோ வந்த பெயர் ஒரே தடவையில் பதிகிறது. மெட்டாட்டே, மெட்டாட்டே. மெட்டி மாதிரி இருக்கிறது. மெட்டி என்றதும் சென்னிமலை அடிவாரத்துக் கல்யாண மண்டபம் வந்துவிட்டது, ஐயர் புகைக்கு நடுவிலிருந்து, "மாப்பிள்ளை, பொண்ணு காலைப் புடிங்கோ" என்கிறார், பின்னால் ஆபீஸ் பையன்கள் விசிலடிக்கிறார்கள், கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையில் தொங்குகிறவனுக்கு ஒரு பெண்ணின் காலைத் தொட வெட்கமாக இருக்கிறது. மஞ்சள் பூசிய ஈரக் கால். சில்லென்று இருந்தது. அதைத் தூக்கி எதன் மேல் வைத்தார்? இதன் மேல்தான். இதே மாதிரி ஒரு கல்லின் மேல்தான், ஓரத்தில் குங்குமம் வைத்து, மூன்று பக்கம் பூவைச் சுற்றி வைத்திருந்தார்கள். விரலில் மெட்டி போட்டார், உள்ளே போக மாட்டேன் என்றது, அழுத்திப் போட்டார். அது இறுக்கம் என்று அவளுக்கு அப்போதே தெரியும், விரல் வீங்கி, நீலம் பாரித்து, பொழுதெல்லாம் நொண்டியிருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவராகப் பார்த்துத்தான் கழற்றிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்களே பாத்து மாத்துவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அப்படிப்பட்டவள். அப்புறம் ஐயர் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போய் அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார், இவர் வெறும் வானத்தைப் பார்த்துத் தெரியுதுங்க, தெரியுதுங்க என்றார். அதைத்தானே சொல்வார்கள், சண்டை வரும்போது ஊரில் பெண்கள் அதைத்தானே சொல்லி நியாயம் கேட்பார்கள், மிதிச்சு, அருந்ததி பாத்துக் கட்டுனவ நான் என்று. எதை மிதிச்சு? மிதிச்சு, அருந்ததி பாத்து. தாலி வருகிறது, மெட்டி வருகிறது, அருந்ததிகூட வருகிறது, கண்ணால் பார்க்காத அருந்ததி. காலை வைத்த கல்லுக்குப் பேர் இல்லை. தலையில்லாத அந்தப் பாதி வாக்கியத்தை அவர் உதட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னார், வேகமாகச் சொன்னால் பழக்கத்தில் முன்னால் இருப்பது தானாக ஒட்டிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையில். வரவில்லை.

அப்போது அவர் ஒரு ஒப்பந்தம் போட்டார். யாரோடு என்று கேட்கக் கூடாது, மலைமேல் இருக்கிற முருகனோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே தரையில் கால் வைப்பதற்குள் சொல் வந்துவிட்டால் தனக்கு ஒன்றும் இல்லை, ஊருக்குப் போகலாம், வராவிட்டால். வராவிட்டால் என்பதற்கு மேல் அவர் போகவில்லை. வராமல் போனால் சென்னிமலை வீட்டில் மரகதம் தனியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பாள், அவளும் "காங்கயமுங்க" என்று சொல்வாள், அவள் சொல்லக் கூடியவள்தான். பயமாக இருந்தது. கம்பத்தில் ஒருமுறை கை நழுவியிருக்கிறது, அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. "அப்பா! காலப் பாருங்க!" என்று யமுனா கத்தினாள். கைடு பெண் அவர் வெறுங்காலைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னாள். "செருப்பில்லாம நிக்கக் கூடாதாமாப்பா, இங்கெல்லாம் தேள் இருக்குமாமா. எதுக்கு ஷூவக் கழட்டுனீங்க?" கூட வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அந்த வெள்ளைக்காரப் பெரியவரின் பெண்டாட்டி வாசலில் அழகாக ஜோடி சேர்த்து வைத்திருந்த ஷூவைப் பார்த்துவிட்டு, தன் ஷூவையும் பார்த்துக்கொண்டாள். யமுனாவுக்கு மானம் போயிற்று. "வீட்டுக்குள்ளதான அம்மிணி வந்தேன்" என்றார் சென்னியப்பன். ஷூவை மாட்டிக்கொண்டு கடைசித் தடவையாக உள்ளே பார்த்தார். போனவர்கள் இதைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கனம். பேரைக் கூடவே எடுத்துப் போயிருப்பார்கள்.

இறங்கும்போது கை கால் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. மேலே இருந்து யமுனா "பைய, பைய" என்று சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்றார், பார்க்கிறவர்களுக்கு வயசான மனுஷன் நிதானமாக இறங்குகிறார் என்று இருக்கும். ஒரு படிக்குக் குழவி, ஒரு படிக்கு மிளகாய், ஒரு படிக்கு மெட்டி. "அம்மிணி, நீ அவசரப்படாத" என்று அண்ணாந்து சொன்னார், இன்னும் நேரம் வேண்டியிருந்தது. கடைசிப் படியில் காலை வைத்துக்கொண்டு தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டே நின்றார். பின்னால் இறங்கியவள், "என்னப்பா, கால் எட்டலையா?" என்றாள். எட்டியது. தரையில் வைத்துவிட்டார்.

மரகதம் குட்டை மரத்தடிப் பெஞ்சில், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, மடியில் காகிதம் விரித்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், யமுனா தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனாள். "மேல நல்லாருந்துச்சாங்க?" என்றாள் மரகதம். "இருந்துச்சு. வீடு வீடாக் கட்டி வெச்சிருக்கறாங்க புள்ள. ஒரு வீட்டுக்குள்ள போனேன், நம்மூட்ல இருக்கற மாதிரியே ஒரு…" என்றார், அவ்வளவுதான் சொன்னார், கையால்கூட அரைத்துக் காட்டவில்லை. அவள் பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மிங்களா?" என்றாள்.

அம்மி. அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மி! காலையிலிருந்து அம்மிணி அம்மிணி என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சொல் வாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வாலில் ஒரு எழுத்தை ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போய்ப் போய் வந்திருக்கிறது. "அம்மிதான், அம்மியேதான்!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மரகதமும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்து ஒரு சுளையைக் கையில் வைத்தாள். சுளை இனித்தது. பாதி மெல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லையே. அவர் குளித்துவிட்டுக் கதவைத் திறந்து கையை நீட்டினால், அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டே துண்டை அந்தக் கையில் வைப்பாள், அந்த மாதிரி அல்லவா வைத்தாள்? அவர் மெதுவாக, குரலை மாற்றாமல், "அந்தப் பொண்ணு சத்தம் போட்டுப்போட்டா. வெறுங்கால்ல நிக்கறீங்க, இங்கெல்லாம் அந்த…" என்று சொல்லி வேண்டுமென்றே நிறுத்தினார். தேள் என்ற சொல் வாயில் கொடுக்கோடு நின்றது. "தேளுங்களா?" என்றாள் அவள். "ஆமா. அப்பறம் எறங்கறப்ப யமுனா பயந்துட்டா, நான் அந்த…" மறுபடி நிறுத்தினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "ஏணில இருந்து விழுந்துருவீங்கன்னாக்கு" என்றாள் மரகதம், கொட்டையைத் துப்பிக் காகிதத்தில் வைத்துக்கொண்டே. ஏணி. ஏணி என்ற சொல் வராத ஒரு லைன்மேன் அவளுக்குப் புதிதாக இல்லை. ஆச்சரியப்பட்டு ஒரு பார்வை பார்க்கவில்லை, என்னங்க இது என்று கேட்கவில்லை. சீரியலும் இல்லை, வயசும் இல்லை. கூலி கேட்கிற வாயைத் திறந்துவைத்து, ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ, அவர் வாக்கியத்துக்குள் விழுந்த ஓட்டையை எல்லாம் வெளியே தெரியாமல் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அதற்கு நாலு பேர் முன்னால் வசவும் வாங்கியிருக்கிறாள். மேலே அவள் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஓட்டையின் அளவு அவருக்குத் தெரிந்தது. அவள் காலைப் பார்த்தார். புழுதி படிந்த விரலில் அவர் பெரிதாக்கிக் கொண்டுவந்த அதே மெட்டி தேய்ந்து கம்பியாகக் கிடந்தது.

கார் கிளம்பியது. முன் சீட்டில் அவர், பின் சீட்டில் மரகதம், நேராகக் கோடு போட்ட மாதிரி சாலை, இரண்டு பக்கமும் கையைத் தூக்கி நிற்கிற கள்ளி. "அப்பா, காலைல கேட்டனே" என்றாள் யமுனா. "டிக்கெட்டு." பதில் தயாராகத்தான் இருந்தது, காலையிலிருந்தே தயார், எங்களுக்கு என்ன கொறச்சல், நாங்க போறோம் அம்மிணி. "நாங்க…" என்று ஆரம்பித்து நின்றார். இது மறதி இல்லை, இரண்டு பதிலும் வாயில் இருந்தன. பின்னாலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கொத்தமல்லிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் முந்திக்கொண்டு வந்தவள், தேளையும் ஏணியையும் தூக்கிக் கொடுத்தவள், இப்போது வாயைத் திறக்கவில்லை. ஏசி சத்தத்துக்கு அடியில் மெட்டி கால்மிதியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. இதையும் அவரே பார்த்து மாற்றட்டும் என்று இருக்கிறாள்.

"டிக்கெட்ட மாத்திரு அம்மிணி" என்றார் சென்னியப்பன். "இங்க ஒரு டாக்டரப் பாக்கோணும். உங்கம்மா முழங்காலுக்கு இல்ல, எனக்கு. எனக்குப் பேச்சுல சொல்லு வர மாட்டேங்குது. உங்க பெரியப்பனுக்கு வந்துச்சே, அந்த மாதிரி."

கார் வேகம் குறைந்தது. யமுனா சாலையைப் பார்த்துக்கொண்டே, "என்ன டாக்டருப்பா?" என்றாள்.

"அதான், தலைக்குள்ள பாப்பாங்களே… இந்த…" அவர் கை நெற்றிப் பக்கம் போய் அங்கேயே நின்றது. இந்தத் தடவை அவர் வேண்டுமென்று நிறுத்தவில்லை.

"நரம்பு" என்று பின்னாலிருந்து மரகதம் எடுத்துக்கொடுத்தாள்.